பின் அறையில் மூன்று பேர்

அந்தக் கதவுக்கு உள்பக்கம் கைப்பிடி இல்லை என்பதைத் தையல்காரி வெகு நேரம் கழித்துத்தான் கவனித்தாள்.

"வண்டியை ஓரமா நிறுத்திட்டு வந்துடறேன், நீ இங்கேயே உட்காரு" என்று சொல்லிவிட்டுப் போன அண்ணன் திரும்பி வரவில்லை. மடியில் கைப்பையை வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தையும் மூலையில் இருந்த தண்ணீர்ப் பானையையும் மாறி மாறிப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். டாக்டரைப் பார்க்கத்தான் வந்தார்கள். தூக்கத்துக்கு மாத்திரை தருவார்கள், சாயங்காலத்துக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்று அண்ணன் சொல்லியிருந்தான். துணியைக்கூடக் கொடியிலிருந்து எடுக்காமல் வந்திருந்தாள். மழை வரும்போல் இருக்கிறதே என்று எழுந்து போய்க் கதவைத் திறக்கப் பார்த்தபோது கை வழுக்கியது. கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு இரும்புத் தகடு மட்டும் இருந்தது.

தட்டினாள். முதலில் மரியாதையாகத் தட்டினாள். பிறகு மரியாதை இல்லாமல் தட்டினாள். வெளியிலிருந்து அலுத்துப்போன ஒரு பெண் குரல், "சும்மா இரும்மா. முதல் நாள் எல்லாரும் இப்படித்தான்" என்றது.

அவளுக்குப் பைத்தியம் இல்லை. அதைச் சொல்லிவிட்டுத்தான் மேலே போக வேண்டும், ஏனென்றால் அங்கே அதை நம்ப யாருமில்லை.

அம்மா படுக்கையில் விழுந்ததிலிருந்து பார்த்துக்கொண்டது அவள்தான். கல்யாணம் என்று ஒரு பேச்சு வந்தது. அம்மாவின் படுக்கையைப் பார்த்துவிட்டு வந்த வழியே போய்விட்டது. முன்னறையில் தையல் மிஷின், உள்ளறையில் அம்மா. பெடலை மிதித்துக்கொண்டே அம்மாவோடு பேசுவாள். அம்மா தூங்கிவிட்டால் ஆண்டவரோடு பேசுவாள். இரண்டு பேரிடமும் ஒரே குரல்தான். "ஆண்டவரே, இந்தக் காலர் எதுக்கு இப்படி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நிக்குது?" என்பது மாதிரி. அம்மா போன பிறகு பேச ஒருவர்தான் மிச்சம். அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தூக்கம் போய்விட்டது. மிஷின் முன்னால் உட்கார்ந்து தைக்காமல் அழுதாள், வாய்விட்டு ஜெபித்தாள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். அந்தச் சமயத்தில்தான் அண்ணன் வீட்டை விற்றுவிடலாம் என்றான். அவள் மாட்டேன் என்றாள். "உனக்கு மூளை சரியில்ல" என்று முதல் தடவை அவன் கோபத்தில்தான் சொன்னான். சொல்லிப் பார்த்தபோது அதில் ஒரு வசதி இருப்பது பிடிபட்டிருக்க வேண்டும்.

காப்பகம் இரண்டு மாடிக் கட்டடம். சன்னல்களுக்குக் கம்பி, கம்பிக்கு மேல் வலை. காலையும் மாலையும் வரிசையில் நின்று மாத்திரை வாங்க வேண்டும். விழுங்கிவிட்டு நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அந்த இடத்தை நடத்திய மேட்ரனைப் பெண்கள் எல்லாரும் 'பெரியம்மா' என்று கூப்பிட வேண்டும் என்பது விதி. சொந்தப் பெரியம்மாக்கள் கேட்டால் வருத்தப்படுவார்கள். இடுப்பில் சாவிக்கொத்து. அவள் வருவதற்கு முன்பே அதன் சத்தம் கேட்கும். பேச்சு எல்லாம் அடங்கும்.

நான் நன்றாக இருக்கிறேன் என்று தையல்காரி சொன்னால், எல்லாரும் அதைத்தானே சொல்கிறார்கள் என்றார்கள். அழுதால் நோய். அழுகையை அடக்கிக்கொண்டால் நோய் உள்ளே போய்விட்டது. குரலை உயர்த்தினால் ஊசி. எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர் முன்கூட்டியே வந்து நின்றது.

பக்கத்துக் கட்டிலில் டீச்சர். அவள் உண்மையிலேயே டீச்சராக இருந்தவள், உண்மையிலேயே நோயாளி. தினமும் காலையில் எழுந்ததும் வருகை எடுப்பாள். ஒவ்வொருவரும் "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்கு அவள் சாப்பிட மாட்டாள். கடைசியில் தலையைத் தூக்கி, "பின் அறை மூணு பேர். ஆப்சென்ட்" என்று தனக்குள் சொல்லிக்கொள்வாள். அது அவளுடைய கோளாறில் ஒன்று என்று தையல்காரி நினைத்துக்கொண்டாள்.

கட்டிலில் உட்கார்ந்து அவள் ஜெபிப்பதைப் பார்த்துவிட்டு டீச்சர் கேட்டாள்: "யாரோட பேசற?"

"கடவுளோட, டீச்சர்."

"அவரும் இந்த வகுப்புதானா? சொல்லவே இல்லையே!"

மறுநாளிலிருந்து பட்டியலில் கடவுளும் சேர்ந்தார். "கடவுள்?" என்று டீச்சர் கூப்பிட, "உள்ளேன் டீச்சர்" என்று தையல்காரியே பதில் சொல்வாள். சிரிப்பு வராத அந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வந்தது அதற்கு மட்டும்தான்.

ஆனால் அவள் ஜெபிப்பதைப் பார்த்தது டீச்சர் மட்டும் இல்லை.

"தனியா பேசறீங்களாமே?" என்று டாக்டர் கேட்டார். அவர் எப்போதாவது வருவார்.

"தனியா இல்லைங்க டாக்டர். ஜெபம் பண்றேன்."

"சரி. அவர் பதில் சொல்றாரா?"

பொய் பேசிப் பழகாதவள். யோசித்துவிட்டு, "சொல்வார்" என்றாள்.

டாக்டரின் பேனா ஓட ஆரம்பித்தது.

"காதுல கேக்கற மாதிரி இல்லைங்க டாக்டர். மனசுல ஒரு..."

"புரியுது, புரியுது." அவர் கெட்டவர் இல்லை. வாசலில் இன்னும் ஒரு வரிசையே நின்றுகொண்டிருந்தது, அவருக்கு நேரமில்லை, அவ்வளவுதான்.

அன்று முதல் மாத்திரை கூடியது. நாக்கு தோல் மாதிரி தடித்தது. கை நடுங்கியது. நினைவுகள் எல்லாம் பஞ்சுக்குள் பொதிந்து வைத்ததுபோல் ஆயின. அம்மாவின் முகத்தைக்கூட நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. அவள் உதட்டை மூடிக்கொண்டு ஜெபிக்கப் பார்த்தாள். உதடு தானாக அசைந்தது. "பாருங்க, ஆரம்பிச்சுட்டா" என்றாள் பெரியம்மா.

மழைக்காலம் முழுக்க அப்படியே போயிற்று. அண்ணன் ஒரே ஒரு தடவை வந்தான், கூட அண்ணியும். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டு, "இங்க உன்னை நல்லா பாத்துக்கறாங்க இல்ல?" என்றான். "என்னைக் கூட்டிட்டுப் போ அண்ணா" என்று அவள் சொல்ல நினைத்தாள். தடித்த நாக்கில் அது வேறு ஏதோ சத்தமாக வந்தது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவர்கள் பார்க்க வந்தது அந்தச் சத்தத்தைத்தான்போல், உடனே கிளம்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். எப்படியாவது வெளியே போக வேண்டும். அடுத்த தடவை டாக்டர் வந்தபோது நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இப்பவும் ஜெபம் பண்றீங்களா?"

"இல்லைங்க டாக்டர்."

"கடவுள் பேசறாரா?"

"அப்படி யாரும் இல்லைங்க. அம்மா போன துக்கத்துல ஏதோ உளறிக்கிட்டு இருந்தேன்."

டாக்டருக்கு உண்மையான சந்தோஷம். "நல்ல முன்னேற்றம்! மருந்தைக் குறைச்சுடலாம். உங்க அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டா வீட்டுக்கே போகலாம்."

அண்ணனுக்குச் சொல்லி அனுப்பினார்கள். அவன் வரவில்லை. மறுபடியும் சொல்லி அனுப்பினார்கள். வேலை இருக்கிறது என்று பதில் வந்தது. சன்னல் வலைக்கு அப்பால் மழை விட்டு, வெயில் வந்து, அந்த வெயிலும் கடுமையாகிவிட்டது. ஆண்டவரை விட்டுக்கொடுத்தாள், அதுவும் ஒன்றுமில்லாததற்கு.

"கடவுள்?" என்றாள் டீச்சர் காலையில்.

தையல்காரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"என்ன, உன் ஆள் வரலையா?"

"தெரியல டீச்சர்."

"லீவு லெட்டர் கொடுத்தாரா?"

அவள் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டாள். இப்போது ஜெபிக்கத் தடை இல்லை. சத்தம் வராமல் ஜெபிக்கும் அளவுக்கு உதடும் கட்டுப்பட்டிருந்தது. ஆனால் வார்த்தை வரவில்லை. இல்லை என்று சொன்னவரிடம் எந்த முகத்தோடு போய் நிற்பது?

மருந்து குறைந்ததில் கை நடுக்கம் நின்றது. அதைப் பார்த்துவிட்டுப் பெரியம்மா மாடிப்படிக்குக் கீழே கிடந்த பழைய தையல் மிஷினைத் துடைத்து அவள் முன்னால் வைத்தாள். கிழிந்த போர்வைகளை நீளமான பட்டைகளாக வெட்டி, நான்காக மடித்து, இரட்டைத் தையல் போட்டு, ஒரு முனையில் வளையம் வைத்துக் கொடுக்க வேண்டும். "எதுக்குங்க பெரியம்மா?" என்று கேட்டதற்கு, "கட்டுப் போடறதுக்கு" என்று பதில் வந்தது. காயத்துக்குப் போடுகிற கட்டு என்றுதான் அவள் நினைத்தாள். இத்தனை அழுத்தமான கட்டா என்று ஒரு சந்தேகம் வந்தாலும், பெடல் காலுக்குக் கிடைத்த சந்தோஷத்தில் அதைக் கேட்காமல் விட்டுவிட்டாள். நல்ல தையல் போட்டாள். இழுத்துப் பார்த்தாள். நூல் அசையவில்லை.

ஒருநாள் ஆயா வராததால், தைத்து வைத்ததைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொடுக்கும்படி பெரியம்மா அவளையே அனுப்பினாள். சமையல்கட்டைத் தாண்டி ஒரு நடை. நடையின் கடைசியில் ஒரு அறை. சன்னல் இல்லை. நாற்றம் முகத்தில் அறைந்தது. மூன்று கட்டில்கள், மூன்று பெண்கள். மூன்று பேரின் கைகளும் கட்டிலோடு சேர்த்துக் கட்டப்பட்டிருந்தன. கட்டியிருந்த பட்டைகளில் இரட்டைத் தையல் நேராக, அழகாக ஓடியது. அவளுடைய தையல். யார் எங்கே காட்டினாலும் அடையாளம் தெரியும் தையல்.

சுவரோரம் கிடந்தவள் ஒல்லியாக, எந்த வயது என்று சொல்ல முடியாதவளாக இருந்தாள். பேச்சு இல்லை. தொண்டையிலிருந்து கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம் மட்டும் வந்தது. மணிக்கட்டில் பட்டை உரசிய இடம் சிவந்து, சில இடங்களில் தோல் இல்லாமல் இருந்தது.

தையல்காரி கையிலிருந்ததைக் கீழே போட்டாள். "ஐயோ" என்றாள். பிறகு, "ஐயோ, ஆண்டவரே" என்றாள். எத்தனையோ நாளாக வராத வார்த்தை, மன்னிப்புக் கேட்கக்கூட நேரமில்லாமல் வந்து விழுந்தது.

இனித் தைக்க மாட்டேன் என்று பெரியம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. சொன்னால் ஊசி, மறுநாள் வேறு யாராவது கயிற்றால் கட்டுவார்கள். மிஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். வெகு நேரம் கழித்து, தன் பழைய புடவை ஒன்றைக் கிழித்துப் பட்டைகளின் உள்பக்கம் மெத்தென்று வைத்துத் தைத்தாள். அவிழ்த்துவிட முடியாத இடத்தில் அன்றைக்கு அவளால் முடிந்தது அவ்வளவுதான். அதில் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

மறுநாள் போய்க் கேட்டாள்: "பெரியம்மா, பின் அறையை நான் பாத்துக்கட்டுமா? சோறு ஊட்டறது, குளிப்பாட்டறது எல்லாம்."

பெரியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அங்க போக ஆயாங்களே மூக்கைப் பிடிச்சுக்கறாங்க. உனக்கு நிஜமாவே முத்திடுச்சா?"

"எங்க அம்மாவைப் பாத்துக்கிட்ட பழக்கம்."

அப்படித்தான் அவள் தானாக அந்த அறைக்குள் போனாள். அடைபட்ட கட்டடத்துக்குள் அதைவிட அடைபட்ட இடம். பெரியம்மா வெளியே பூட்டிவிட்டு, வேலை முடிந்ததும் திறப்பாள். உள்ளே இருக்கும்போது கட்டுகளை அவிழ்க்கலாம். போகும்போது திரும்பக் கட்ட வேண்டும். அந்தத் திரும்பக் கட்டுவதுதான் அவளைத் தினமும் கொன்றது. சுவரோரம் இருந்தவளுக்குக் 'குருவி' என்று பெயர் வைத்தாள். முதலில் சோறு ஊட்டியபோது குருவி விரலைக் கடித்தாள். "கடி கடி, உப்பு போதுமா?" என்றாள் தையல்காரி. கொஞ்ச நாளில் கடிப்பது நின்றது. தலைவாரும்போது கீச்சுச் சத்தமும் நின்று, அவள் கண்ணை மூடிக்கொள்வாள்.

அந்த அறையில் வேலை செய்துகொண்டே அவள் மறுபடியும் பேச ஆரம்பித்தாள். பழைய மாதிரி இல்லை. என்னை வெளியே விடுங்கள் என்று அவள் முன்பு கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போது, "ஆண்டவரே, இவ முதுகுப் புண்ணைக் கொஞ்சம் பாருங்க" என்றாள். பதில் ஒன்றும் கேட்கவில்லை. மனசுக்குள்கூடக் கேட்கவில்லை. ஆனால் புண்ணைக் கழுவும்போது அந்தப் பக்கத்திலிருந்து இன்னொருவரும் துணியைப் பிடித்துக்கொண்டிருப்பது போல் இருந்தது. அதை டாக்டரிடம் சொன்னால் என்ன எழுதுவார் என்று நினைத்து அவளே சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் டீச்சர் "கடவுள்?" என்றபோது, "உள்ளேன் டீச்சர்" என்றாள். "லேட்டா வந்தா வெளியில நிக்கணும்" என்றாள் டீச்சர்.

அந்தக் கோடையில் ஒருநாள் காப்பகமே தலைகீழானது. சுவருக்குச் சுண்ணாம்பு, கட்டிலுக்குப் புது விரிப்பு. மேலிடத்திலிருந்து ஒரு அதிகாரி பார்வையிட வருகிறாராம். பெரியம்மா தையல்காரியைத் தனியாகக் கூப்பிட்டுத் தன் அறையில் உட்காரவைத்தாள்.

"நீதான் அவங்ககிட்ட பேசணும். படிச்ச மாதிரி இருக்க, தெளிவா பேசற. வந்தப்போ இப்படி இருந்தேன், இப்ப நல்லா இருக்கேன்னு சொல்லு. ஒரு குறையும் இல்லன்னு சொல்லு."

"பின் அறை?"

"பின் அறைன்னு ஒண்ணு இல்ல." பெரியம்மாவின் குரல் இறங்கியது. "இங்க பாரு, உங்க அண்ணனுக்காகக் காத்திருந்தா நீ இங்கேயே கிழவியாயிடுவ. நீ ஒழுங்கா பேசினா, அவன் கையெழுத்து இல்லாமலே அடுத்த வாரம் உன்னை அனுப்ப எனக்குத் தெரியும்."

பெரியம்மாவால் அது முடியும் என்பதில் தையல்காரிக்குச் சந்தேகம் இல்லை. அன்று பிற்பகல் முழுவதும் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வெளியே போவதை நினைத்தாள். தானே திறந்து தானே மூடுகிற ஒரு கதவை நினைத்தாள். வெளியே போய்க்கூட யாரிடமாவது சொல்லலாமே என்று ஒரு எண்ணம் வந்தது. அப்போது நீ யார் என்று கேட்பார்கள். அங்கிருந்து வந்தவள் என்றதும் தலையை ஆட்டிவிட்டு அனுப்பிவிடுவார்கள். ஒருமுறை அவள் வெளியே போவதற்காக ஒருவரை இல்லை என்று சொல்லியிருக்கிறாள். இப்போது மூன்று பேரை இல்லை என்று சொல்ல வேண்டும். "நான் பயப்படறேன் ஆண்டவரே" என்றாள். "வாய் திறக்கறப்போ நாக்கு தடிச்சுப் போகாம மட்டும் பாத்துக்குங்க."

அதிகாரி நடுத்தர வயதுப் பெண். காலில் ஏதோ வலிபோல், கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். டாக்டரும் வந்திருந்தார். பெண்களை வரிசையாக உட்காரவைத்திருந்தார்கள். தேநீரும் பிஸ்கட்டும் வந்தன. பின் நடைக்குப் போகும் வழியை மறைத்து, துணிகள் அடுக்கிய பெரிய மர அலமாரி ஒன்று நின்றது. பெரியம்மா தையல்காரியைத் தோளில் கைபோட்டு அழைத்து வந்து நிறுத்தினாள்.

"ஏதாவது குறை இருக்காம்மா?" என்றார் அதிகாரி, அன்றைக்குப் பல தடவை கேட்ட குரலில்.

"அந்த அலமாரிக்குப் பின்னால ஒரு அறை இருக்குங்க" என்றாள் தையல்காரி. "மூணு பேரைக் கட்டிப் போட்டிருக்காங்க. கட்டற பட்டையைத் தைச்சது நான்."

பெரியம்மா சிரித்தாள். "மேடம், இது கடவுளோட பேசற கேஸ். தேறிட்டான்னு நினைச்சோம். டாக்டரையே கேளுங்க."

டாக்டர் கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். "குரல் கேக்கறதா சொன்னாங்க. அப்புறம் தேறினாங்க. கடவுள் இல்லன்னு அவங்களே சொன்னாங்க."

அதிகாரி தையல்காரியைப் பார்த்தார். "உண்மையா?"

நாக்கு சரியாகத்தான் இருந்தது. "சொன்னேன். வீட்டுக்குப் போகணும்னு பொய் சொன்னேன். நான் கடவுளை நம்பறேங்க. தினமும் பேசறேன். அது நோய்னா அப்படியே எழுதிக்குங்க. அலமாரியை நகர்த்திப் பாத்துட்டு எழுதுங்க."

அப்போது பின்வரிசையிலிருந்து டீச்சர் எழுந்து நின்றாள். "மேடம், பின் அறையில மூணு பேர். நான் தினமும் ஆப்சென்ட் போடறேன். ஒரு நடவடிக்கையும் எடுக்கல."

அதிகாரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். அலமாரியைத் தள்ள முதலில் எழுந்தது டாக்டர்தான். அந்த அறையை அவரும் அதுவரை பார்த்ததில்லை. பார்த்துவிட்டு வெளியே வந்தபோது யார் முகத்தையும் பார்க்காமல் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

அன்றே மூன்று பேரையும் வண்டியில் ஏற்றிப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். தையல்காரியைக் கொண்டுபோகவில்லை. அவள் விஷயத்தில் இன்னொரு டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும், உத்தரவு வர வேண்டும் என்றார்கள். வண்டி போன பிறகு கேட்டைச் சாத்திவிட்டுப் பெரியம்மா திரும்பி வந்தாள். அவளுக்கு இன்னும் சாவி இருந்தது.

"கட்டில் காலியாத்தான் இருக்கு" என்றாள். "போய் இரு."

சன்னல் இல்லாத அறையில், குருவியின் கட்டிலில் தையல்காரி உட்கார்ந்தாள். வெளியே பூட்டு விழுந்தது. எப்போது திறப்பார்கள் என்று தெரியாது. உத்தரவு வருமா என்றும் தெரியாது. கத்தினால்கூட யாருக்கும் கேட்காத இடம். அது நினைவுக்கு வந்ததும் அவள் வாயைத் திறந்தாள். யாருக்கும் கேட்காது என்றால், யாரும் எழுதிக்கொள்ளவும் மாட்டார்கள். வந்த நாளிலிருந்து முதல் தடவையாக உரக்க, தெருவில் போகிறவர்கள் நின்று கேட்பதுபோல் உரக்க ஜெபித்தாள். திட்டினாள். அழுதாள். அம்மாவைக் கேட்டாள். இல்லை என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள். தொண்டை கட்டும்வரை பேசிவிட்டு, அந்தக் கட்டிலிலேயே படுத்துத் தூங்கினாள். அம்மா போன பிறகு மாத்திரை இல்லாமல் வந்த முதல் தூக்கம் அதுதான்.

உத்தரவு வந்தது. பல நாள் கழித்துத்தான் வந்தது, ஆனால் வந்தது. வேறொரு டாக்டர் வந்து பேசினார். கடவுளைப் பற்றியும் கேட்டார். அவள் முதல் தடவை சொன்னதையே சொன்னாள். அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். பெரியம்மாவை வேலையிலிருந்து எடுத்தார்கள். டீச்சர் அங்கேயே இருந்தாள். பிரியும்போது, "டிசி வாங்கிட்டுப் போறியா?" என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வீட்டுக்குப் போனபோது அண்ணன் உள்ளறையிலிருந்து வெளியே வரவில்லை. அண்ணிதான் அழுதுகொண்டே கையைப் பிடித்தாள். "எல்லாம் கடவுள் சித்தம்னு நினைச்சுக்கோம்மா."

"அண்ணி, என்னை அங்க விட்டது அண்ணன். அதைக் கடவுள் தலையில கட்டாதீங்க." அவள் கோபமாகச் சொல்லவில்லை. "அங்க அவர் என்கூட இருந்தார். அந்த மூணு பேரை எனக்குக் காட்டினார். எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அண்ணனை மன்னிக்க அவள் முயன்றுகொண்டிருந்தாள்; அது இன்னும் முடிந்திருக்கவில்லை. வீட்டைப் பற்றி அன்று எதுவும் பேசாமல், தையல் மிஷினை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு, பெண்கள் விடுதி ஒன்றில் தனக்கென்று பிடித்திருந்த அறைக்கு வந்துவிட்டாள்.

முதல் வேலையாகக் குருவிக்கு ஒரு சட்டை தைத்தாள். மணிக்கட்டில் உரசாமல் கை தளர்வாக. எடுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போனாள். தோட்டத்தில் வேப்பமரத்தடியில் குருவி உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் சதை பிடித்திருந்தது. கைகள் மடியில் சும்மா கிடந்தன. தையல்காரியைப் பார்த்ததும் குருவி வீறிட்டாள். எழுந்து ஓடி நர்ஸின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, இரண்டு கைகளையும் மார்போடு இறுக்கிக்கொண்டாள். கட்ட வந்தவள் என்றுதான் அவளுக்கு நினைவு.

"தப்பா நினைக்காதீங்கக்கா. இன்னைக்குப் போயிட்டு வாங்க" என்றாள் நர்ஸ்.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அவள் வெகு நேரம் அழுதாள். "இதுக்குத்தானா ஆண்டவரே?" என்று கேட்டாள். பக்கத்தில் நின்றவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார். அவளுக்கு அது பழக்கமாகிவிட்டிருந்தது.

அடுத்த வாரமும் போனாள். மரத்துக்கு வெகு தூரத்தில், கேட் பக்கம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, யாரையும் பார்க்காமல் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்தாள். அதற்கடுத்த வாரமும் அப்படியே. மூன்றாவது வாரமோ நான்காவதோ, நர்ஸ் வந்து சிரித்தபடி சொன்னாள்: "அக்கா, நேத்தே அவங்க கேட் பக்கம் எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாங்க. கொஞ்சம் முன்னால இருக்கற பெஞ்சுக்கு வர்றீங்களா?"

தையல்காரி ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள்.